கலர் லைட்டைப் பார்த்து மயங்காதீங்க!

சென்னை ரிச்சி தெருவில் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்கள் கலர் கலராகக் கண் சிமிட்டுகின்றன. சில நூறு ரூபாய்தான். ஆனாலும் அது உழைத்த காசாச்சே! உஷார்!

அட்டையில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருக்கும் வாட் கணக்கு வெறும் ஜம்பம். 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்று கேளுங்க. அதுதான் நிஜ சக்தி.

கடையிலேயே சத்தத்தை முழுசா ஏத்திப் பாருங்க. பாடகர் குரல் கரகரத்தால் வேண்டாம். லைட்டை அணைக்கத் தனி பட்டன் இருக்கா? இல்லாவிட்டால் சார்ஜ் சீக்கிரம் கரைந்துவிடும். போனோடு பத்தடி நகர்ந்தாலே பாட்டு அறுபட்டால், அதைத் தொடாதீங்க.

இன்னொரு சங்கதி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மொட்டை மாடிக் கும்மாளம் போலீஸ் ஸ்டேஷனில் முடியலாம்!