சிவாஜிக்கு டெல்லி தராததும் மாஸ்டருக்கு மொன்றியல் தராததும்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே மைனஸ் 24. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். தேத்தண்ணியும் மட்டன் ரோல்ஸும் வந்துகொண்டே இருக்கின்றன, சத்தமும் கூடிக்கொண்டே போகிறது. பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டி காதில் விழுந்திருந்தால் சொத்துத் தகராறு என்று நினைத்து போலீஸைக் கூப்பிட்டிருப்பார். சண்டை சொத்துக்காக இல்லை. சிவாஜி கணேசனுக்கு ஏன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

நான் மதுரைப் பக்கம். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் சில வருஷம் கோடு அடித்துவிட்டு இங்கே வந்தவன். என் கல்லூரிக் காலத்துச் சண்டை விஜய்யா அஜித்தா என்பதுதான். எம்.ஜி.ஆர், சிவாஜி சண்டை எங்கள் தாத்தாவோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மொன்றியலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது விமானம் ஏறி இங்கே வந்து பத்திரமாக இருக்கிறது என்று.

இரண்டு அணிகள். சிவாஜி அணிக்குத் தலைவர் ‘மாஸ்டர்’. வடமராட்சியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். யாழ்ப்பாணம் ராணி தியேட்டரிலும் வின்சரிலும் எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று இன்றும் கணக்குச் சொல்வார். எதிரணிக்கு மலையகத்துப் பெரியவர் ஒருவர். எம்.ஜி.ஆர் பிறந்தது கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில், 1917-ல். அதனால் அவருக்கு அது சினிமா விசுவாசம் மட்டும் இல்லை, ஊர்ப்பாசமும்தான். “எங்க ஊர்க்காரரு, வாத்தியாரு” என்பார். உடனே மாஸ்டர், “வாத்தி வேலை பார்த்தது நான், பட்டம் அவருக்கோ?” என்பார். இந்த ஜோக்கை நானே இருபது தடவை கேட்டிருப்பேன்.

அன்றைக்கு மலையகத்துப் பெரியவர் வழக்கமான துருப்பை இறக்கினார். 1971-ல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. அப்போது அதற்கு ‘பாரத்’ விருது என்று பெயர். “ஒங்க ஆளுக்கு என்ன கெடச்சிச்சு மாஸ்டர்?”

மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. “அதே வருசம் எங்கட ஆள் நடிச்ச ‘பாபு’ பார்த்தனீரோ? அதிலையும் ரிக்‌ஷாதான். சைக்கிள் ரிக்‌ஷா இல்லை, கையால இழுக்கிற ரிக்‌ஷா. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாரும்.”

யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமான விஷயம். இரண்டு பெரிய நட்சத்திரங்கள், ஒரே வருஷம், ஒரே தொழில் செய்யும் பாத்திரம். ஒருவர் ரிக்‌ஷாவில் வந்து அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறார். இன்னொருவர் ஒரு பெண் குழந்தையை வளர்த்து ஆளாக்க உடம்பைத் தேய்க்கிறார். எது சிறந்த நடிப்பு என்று ஐம்பது வருஷமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. மலையகத்துப் பெரியவரின் பதில் வேறு மாதிரி. “சென்னையில ரிக்‌ஷாக்காரங்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் குடுத்தது யாரு? நடிப்ப மட்டும் பார்த்தா மனுசன் தெரியமாட்டான்.” நடுவர் குழுவுக்கு அது கணக்கில் வராது. ஆனால் ரசிகனுக்கு வரும்.

ஐ.டி. ஆளை இந்த மாதிரி சபையில் உட்கார வைத்தால் என்ன செய்வான்? எக்செல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். ஆண்டு, படம், விருது என்று மூன்று பத்திகள். அடுத்த சனிக்கிழமை லேப்டாப்போடு போனேன். போட்டுப் பார்த்தபோது எனக்கே ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்தது. தேசிய விருதுகள் 1953-ம் ஆண்டுப் படங்களிலிருந்து ஆரம்பம். ஆனால் அப்போது விருது படங்களுக்கு மட்டும்தான். நடிகர், நடிகை, இசையமைப்பாளர் என்று தனித்தனியாகக் கொடுக்க ஆரம்பித்தது 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்து. முதல் சிறந்த நடிகர் வங்காளத்தின் உத்தம் குமார். முதல் சிறந்த நடிகை நர்கிஸ். முதல் சிறந்த இசையமைப்பாளர் நம்ம கே.வி. மகாதேவன், ‘கந்தன் கருணை’ படத்துக்காக.

இப்போது சிவாஜியின் பட்டியலைப் பாருங்கள். ‘பராசக்தி’ 1952. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959. ‘பாசமலர்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ இரண்டும் 1961. ‘கர்ணன்’, ‘நவராத்திரி’ இரண்டும் 1964. ‘திருவிளையாடல்’ 1965. மாஸ்டர் தொண்டை வறளச் சொல்லும் படங்களில் பாதிக்கு மேல், சிறந்த நடிகர் விருது என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வந்தவை. அந்த விருது அவருக்கு மறுக்கப்பட்டது என்று சொல்வதைவிட, பரீட்சை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவர் பேப்பரை எழுதி முடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதற்காக எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிடவும் முடியாது. 1967-க்குப் பிறகு வந்தவையும் லேசுப்பட்டவை இல்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968, அந்த வருஷம் விருது அசோக் குமாருக்கு. ‘தெய்வமகன்’ 1969, மூன்று வேடம். இந்தியாவே அந்தப் படத்தை ஆஸ்கருக்கு அனுப்பியது, ஆனால் நடிப்புக்கான விருது உத்பல் தத்துக்குப் போனது. ‘முதல் மரியாதை’ 1985, விருது சசி கபூருக்கு. கடைசியில் 1992-ன் ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று ஒன்று. இடையில் 1960-லேயே கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் கட்டபொம்மனுக்காக அவர்தான் சிறந்த நடிகர். எகிப்துக்குத் தெரிந்தது டெல்லிக்குத் தெரியவில்லையே என்ற மாஸ்டரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மாஸ்டரின் மனைவி குரல் கொடுத்தார். “ஆம்பிளையளுக்கே அழுறியள். சாவித்திரிக்கு ஆர் குடுத்தது?”

யாரும் பேசவில்லை. ஷீட்டில் தேடினேன். ‘மிஸ்ஸியம்மா’, ‘களத்தூர் கண்ணம்மா’, ‘பாசமலர்’, ‘கை கொடுத்த தெய்வம்’, எல்லாமே 1967-க்கு முன்னால். சாவித்திரிக்குச் சிறந்த நடிகை தேசிய விருது இல்லை. ஆனால் சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்கு உண்டு, 2018-ல் வந்த ‘நடிகையர் திலகம்’ படத்துக்காக. கீர்த்தியைக் குறை சொல்லவில்லை, அருமையாகச் செய்திருந்தார். ஆனால் இதைவிடப் பெரிய வேடிக்கை எந்த விருதுப் பட்டியலில் இருக்கும்?

அம்மா ஆரம்பித்து வைத்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். நாகேஷ்? ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ காலத்தில் ஒன்றுமில்லை. 1994-ல் ‘நம்மவர்’ படத்துக்குத் துணை நடிகர் விருது. எம்.எஸ். விஸ்வநாதன்? ‘ரிக்‌ஷாக்காரன்’, ‘பாபு’ இரண்டுக்கும் அவர்தான் இசை. 1968-ல் ‘உயர்ந்த மனிதன்’ படத்தில் அவர் மெட்டைப் பாடிய பி. சுசீலாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. மெட்டுப் போட்டவருக்குக் கடைசி வரை தேசிய விருதும் இல்லை, பத்ம விருதும் இல்லை. சிவாஜி ரசிகரும் எம்.ஜி.ஆர் ரசிகரும் அன்றைக்கு ஒற்றுமையாகத் திட்டிய ஒரே இடம் இதுதான்.

ஆறுதலுக்கு நான் வெளியூர்க் கதைகளை எடுத்துவிட்டேன். ஹிட்ச்காக்குக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்ததே இல்லை. பீட்டர் ஓ'டூல் எட்டு முறை பரிந்துரைக்கப்பட்டு எட்டு முறையும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். கௌரவ ஆஸ்கர் மட்டும்தான் கொடுத்தார்கள். ஏன், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் எடுத்த ‘நெய்பர்ஸ்’ குறும்படம், ஆட்களையே பொம்மை போல ஆட்டிவைத்து எடுத்த கற்பனைக் கதை. அதற்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், ஆவணப்படப் பிரிவில்! விருது கொடுப்பவர்களும் மனுஷங்கதானே, விடுங்கள் மாஸ்டர் என்றேன். ஆபீஸில் வருஷா வருஷம் எனக்கு ரேட்டிங் போடும் மேனேஜர், கடைசி இரண்டு மாசம் செய்த வேலையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார், அதற்காக நான் அழுகிறேனா என்றும் கேட்டேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “தம்பி, நீர் வந்து இறங்கி ஆறு மாசத்தில உம்மட படிப்புக்கு வேலை எடுத்திட்டீர். உமக்கு அது விளங்காது.”

பிறகு மெதுவாகச் சொன்னார். வந்த புதிதில் தன் சான்றிதழ்களையெல்லாம் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, ஒரு கோப்பில் போட்டு, படிகள் ஏறியிருக்கிறார். இங்கே மறுபடி படிக்க வேண்டும், பிரெஞ்சு இன்னும் வேண்டும், அந்தத் தாள் வேண்டும், இந்தத் தாள் வேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள். முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஷபானெல் வீதிப் பக்கம் ஒரு தையல் ஆலையில் 19 வருஷம். “ஒருத்தரும் என்னை வேண்டாம் எண்டு சொல்லேல்ல. என்ர பாடத்துக்கு அவையிட்ட ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.”

என் ஷீட்டில் 1967-க்கு மேலே இருந்த காலிக் கட்டங்களைப் பார்த்தேன். லேப்டாப்பை மூடி வைத்தேன்.

இவ்வளவு நாள் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். வேலை வெட்டி இல்லாமல் பழைய சினிமாவுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டெல்லியில் யாரோ சிவாஜியைச் சரியாக எடை போடவில்லை என்று மாஸ்டர் கொதிக்கும்போது, தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஒரு மனிதனின் திறமைக்கு யார் முத்திரை குத்த வேண்டும் என்ற கேள்வி, புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அலமாரிக்குள் ஒரு கோப்பாக இருக்கிறது. டாக்டராக இருந்து டாக்ஸி ஓட்டியவர்கள், ஆசிரியையாக இருந்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் நம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் அதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்வதில்லை. சிவாஜிக்கு அநியாயம் நடந்தது என்று சொல்வார்கள்.

இரண்டாம் தலைமுறைக்கு இது எப்படிக் கேட்கும்? அன்றைக்கு மாஸ்டரின் பேத்தி ஹாலில்தான் இருந்தாள், பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பதினான்கு வயசுப் பெண். காதில் இயர்போன். மாஸ்டர் கடைசி அஸ்திரமாக, “பிரான்ஸ் அரசாங்கமே 1995-ல செவாலியே குடுத்தது” என்றதும் இயர்போனைக் கழற்றினாள்.

“ஷெவாலியேயா? அப்பப்பா, ஷெவால் எண்டால் குதிரை. அவருக்குக் குதிரை இருந்ததா?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு அவளே விளக்கினாள். ஷெவாலியே என்றால் குதிரை வீரன், பழைய காலத்து மாவீரன். பிரான்ஸில் மட்டும் இல்லை, நம்ம கியூபெக் மாகாணத்தின் தேசிய விருதிலும் அதே பெயரில் ஒரு படி இருக்கிறது. முப்பது வருஷமாக மாஸ்டர் பெருமையாகச் சொல்லிவந்த சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தது பேத்தி. “உண்மையாவே குதிரையில வாறார், பாக்கிறியோ?” என்று மாஸ்டர் கட்டபொம்மனைப் போட்டார். ஜாக்சன் துரை காட்சியில் மாஸ்டர் உதட்டை அசைத்து வசனம் முழுவதையும் கூடவே சொல்ல, அவள் திரையைப் பார்த்த நேரத்தைவிட அப்பப்பாவைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அவளுக்குப் படம் பிடித்ததா? நேர்மையாகச் சொன்னால், பாதியில் எழுந்து போய்விட்டாள். “ஏன் இவ்வளவு கத்துறார்?” என்று கேட்டாள். மேடை நாடகத்திலிருந்து வந்தவர், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகியவர் என்று மாஸ்டர் சொன்னார். அது ஒரு நல்ல கேள்வி, நல்ல பதிலும்கூட. இரண்டு வாரம் கழித்து ‘காதலிக்க நேரமில்லை’ போட்டோம். பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 1964-ல் எடுத்த படம். சப்டைட்டில் சரியாகக்கூட இல்லை.

எனவே என் வயசுக்காரர்களுக்கும் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் அடுத்த தடவை இந்தப் பேச்சை ஆரம்பிக்கும்போது போனை எடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஐந்து படம் என்ன என்று கேளுங்கள். ஒவ்வொன்றையும் எந்த ஊரில், எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது படத்துக்குள் அவர் சினிமாவை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பேச ஆரம்பித்திருப்பார். முடிந்தால் எழுதி வையுங்கள். 2012-ல் ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டார்கள், கூட்டம் வந்தது. படத்தை அப்படிக் காப்பாற்ற முடிகிறது. அதை முதல் நாள் பார்த்தவரின் ஞாபகத்துக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் சண்டை ஓயவில்லை. போன வாரம்கூட மலையகத்துப் பெரியவர் ‘அன்பே வா’வை முதல் ஐந்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, மாஸ்டர் அது சிம்லாவைச் சுற்றிக் காட்டும் படம் என்றார். என் எக்செல் ஷீட்டில் இப்போது விருதுப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தியேட்டர் பெயர், கூடப் போனவர் பெயர் என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன். ‘பாசமலர்’ வரிசையில் மாஸ்டர் சொன்னது: யாழ்ப்பாணம் வின்சர், தங்கச்சியோடு. தங்கச்சி இப்போது எங்கே என்று நான் இன்னும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.