களத்தை மெழுகிய பின் ஒரு பரீட்சை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, மகாவலியின் கிளையொன்று கடலைச் சேரும் வெருகல் பிரதேசம் உட்படத் திருகோணமலைக் கரை முழுவதையும் அலைக்கழித்த அந்நாட்களில், யார் எந்த முகாமில் இருக்கிறார், எவ்வுதவி எவ்வூரைச் சேர்ந்தது என்னும் விவரங்களைத் திரட்டுவது, சோறும் துணியும் வழங்குவதற்குச் சற்றும் குறையாத அவசரப் பணியாயிற்று. அப்பணிக்காக இலங்கையின் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி எழுதிய ‘சகானா’ என்னும் மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது. பிற்பாடு அது பைத்தான் என்னும் நிரல்மொழியில் ‘சகானா ஈடன்’ எனப் புதிதாக எழுதப்பட்டது; 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அப்பைத்தான் வடிவம் உதவியது.

இத்தகைய மென்பொருள் தனித்து நிற்பதில்லை. திகதிகளைக் கணிக்க டேட்யூட்டில், எக்ஸ்.எம்.எல். கோப்புகளைப் படிக்க எல்எக்ஸ்எம்எல், அறிக்கைகளைப் பி.டி.எஃப். ஆக்க ரிப்போர்ட்லேப் என்று பிறர் எழுதிய பொதிகள் பலவற்றை அது ஆதாரமாகக் கொள்கிறது. எழுதுபவருடைய கணினியில் வேறொரு வேலைக்காக என்றோ நிறுவி மறந்த பொதியொன்று கிடக்குமாயின், அவரிடத்தில் நிரல் குறைவின்றி ஓடும். அப்பொதி இல்லாத முகாம் கணினியிலோ, சனங்கள் வரிசையில் காத்து நிற்கும் வேளையில், ஓட மறுத்துவிடும்.

முன்னாளில் வெருகல் விவசாயி, சென்ற போகத்து நெல் கலவாதிருக்கும்பொருட்டு, களத்தைப் பெருக்கி மெழுகிய பின்னரே சூடு மிதித்தான். பைத்தானில் அக்காரியத்தைச் செய்வது மெய்நிகர் சூழல். 2007இல் இயன் பிக்கிங் ‘வர்ச்சுவல்என்வ்’ என்ற கருவியாக இதனை ஆக்கினார். 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து ‘வென்வ்’ என்ற பெயரில் மொழியுடனேயே இவ்வசதி கிடைக்கிறது. அதில் மாயம் ஏதுமில்லை: அது ஒரு சாதாரணக் கோப்புறை, அதனுள் பைத்தானுக்கு ஓர் இணைப்பும், பெரும்பாலும் வெறுமையான ஒரு பொதிக் களஞ்சியமும், தாய்ப் பைத்தான் எங்கே இருக்கிறதெனச் சொல்லும் சிறு குறிப்புக் கோப்பும் உள்ளன.

இப்படி மெழுகிய களத்தில் நடத்தும் பரீட்சையே தொடர் ஒருங்கிணைப்பு. அது, எவரேனும் நிரலில் ஒரு திருத்தம் செய்து அனுப்பும் ஒவ்வொரு முறையும், ஒரு சேவையகம் தானாகவே அச்சூழலைப் புதிதாகப் படைத்து, தேவைப் பட்டியலிலுள்ள பொதிகளைப் ‘பிப்’ கருவியால் நிறுவி, சோதனைகளையெல்லாம் ஓட்டி, தேறியதா தவறியதா என அறிவிக்கும் முறையாகும். பட்டியலில் பெயருடன் பதிப்பெண்ணும் இருத்தல் அவசியம். அஃதின்றேல் இன்று தேறியது நாளை காரணம் விளங்காமல் தவறக்கூடும். நேரத்தை மிச்சப்படுத்தப் பதிவிறக்கிய பொதிகளைச் சேமித்துக்கொள்வதில் தோஷமில்லை. ஆனால் பழைய சூழலையே மறுபடியும் பயன்படுத்துவது இம்முயற்சியின் பிரயோஜனத்தையே அழித்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்னொன்றும் எனக்கு அவசியமாகத் தோன்றுகிறது. சூறாவளியும் வெள்ளமும் வரும்போது கரையோர ஊர்களில் மின்சாரமும் இணையமும் அறுந்துபோவது வழக்கமாதலால், பொதிகளை முன்கூட்டியே ஒரு கோப்புறையில் இறக்கி வைத்து, இணையத்தை நாடாமல் அதிலிருந்தே நிறுவி, வெறுஞ்சூழலொன்றில் அதே சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் இரண்டாம் பரீட்சையையும் நிவாரண மென்பொருள்களுக்கு நடத்த வேண்டும். அப்பொதிகள் முகாம் கணினியின் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் இசைந்தவைதாமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஏனெனில் எல்எக்ஸ்எம்எல் போன்ற பொதிகள் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் தனித்தனியே தொகுக்கப்பட்டு வெளிவருகின்றன.