மதுரைச் சமவெளியில் நிலப்பிரிவுப் பெயர்கள்

ஆள்வோர் நிலத்தினின்று எதனை நாடினர் என்பதை, அவர்கள் அதனைப் பகுத்த முறையும் பகுதிகளுக்கு இட்ட பெயர்களும் தெளிவாகக் காட்டும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் பேரையூர்ப் பகுதியிலும் வழங்கிய பெயர்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

பாண்டியர் காலத்தில் நிலம் வளநாடு, நாடு, கூற்றம், ஊர் எனப் பகுக்கப்பட்டிருந்தது. கல்வெட்டுகள் மதுரையை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ எனக் குறிக்கின்றன. பாசனக் குளத்தை முன்னிட்டு ஊரைச் சுட்டும் வழக்கு இது. நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் எழுந்தன. படை தங்குமிடத்தைக் குறித்த அச்சொல், படையுதவிக் கடமை பூண்டவரின் நிலப்பகுதிக்கும் பெயராயிற்று. மதுரைக் கோட்டையின் கொத்தளங்களுக்கேற்ப 72 பாளையங்கள் வகுக்கப்பட்டன என்பது மரபுச் செய்தி. பேரையூரும் பாளையமாக இருந்த ஊரே. முன்னது நீரைப் பற்றியது. பின்னது படையைப் பற்றியது.

1801-இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேராட்சிக்கு உட்பட்டது. கம்பெனியார் நிலப்பிரிவுகளுக்குத் தம் மொழிப் பெயர்களை இடவில்லை. முகலாயர் ஆட்சி வழக்கில் வேரூன்றிய அரபுச் சொற்களையே மேற்கொண்டனர். ஜில்லா என்பதன் மூலம் விலா, பக்கம் எனப் பொருள்படும். தாலுகா சார்ந்திருப்பதையும், பிர்கா பிரிவையும், பசலி அறுவடைப் பருவத்தையும் குறிக்கும். தாசில் என்பது வசூல். தாசில்தார் வசூல் செய்பவர். கலெக்டர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் அதுவே. ஆக, ஜில்லாவின் தலைவரும் தாலுகாவின் தலைவரும் இருவேறு மொழிகளில் ஒரே பெயர் தாங்கினர். வரியே அப்பகுப்பின் உயிர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் தாலுகா முழுவதும் ஒரே முறை நிலவவில்லை. 1802-ஆம் ஆண்டின் நிலையான தீர்வைச் சட்டத்தையொட்டிப் பாளையங்கள் பல ஜமீன்களாயின. திருமங்கலம் தாலுகாவிலிருந்த பேரையூரும் ஜமீனாயிற்று. ரயத்துவாரி ஊரில் உழவர் அரசுக்கு நேரே தீர்வை செலுத்தினர். ஜமீன் ஊரில் ஜமீன்தாருக்குச் செலுத்த, அவர் அரசுக்குப் பேஷ்குஷ் கட்டினார். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமே இவ்வேறுபாட்டிற்கு முடிவு கட்டிற்று.

இவ்வரலாறு இலக்கிய ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1910 வரை மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்தன. ஆதலின், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பொன்றில் புலவரின் ஊர் ‘மதுரை ஜில்லா’ எனக் காணப்படின், அவரை இன்றைய மதுரை மாவட்டத்தார் எனத் துணிதல் பிழையாகும். கிளைமொழிச் சொற்களையும் நாட்டுப்பாடல்களையும் வட்ட வாரியாகத் தொகுப்போரும் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். தாலுகா எல்லை வரிக்கணக்கிற்காக வரையப்பட்டது. பேச்சும் உறவும் வழிபாடும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே ‘எட்டு நாடு, இருபத்து நான்கு உபகிராமம்’ என்னும் பகுப்பு அரசுப் பதிவேட்டின் துணையின்றியே நிலைத்துள்ளது.

இன்று ஜில்லா மாவட்டமாகவும், தாலுகா வட்டமாகவும், கலெக்டர் மாவட்ட ஆட்சியராகவும், தாசில்தார் வட்டாட்சியராகவும் தமிழ்ப் பெயர் பெற்றுள்ளனர். பேரையூரும் தனி வட்டத்தின் தலைமையிடமாயுள்ளது. இம்மொழிபெயர்ப்பில் வசூல் என்னும் பொருள் மறைந்து, ஆட்சி என்னும் பொருள் புகுந்தது. பெயர் மாறினும் எல்லைகள் பல பழைய வரிக்கணக்கின் வழிவந்தவையே. ஆகவே, பழைய ஏடொன்றில் ஓர் ஊர்ப்பெயரைக் காணும் ஆராய்ச்சியாளர், அஃது எந்நாட்டில், எப்பாளையத்தில், எத்தாலுகாவில் இருந்தது என்பதனைக் காலமுறைப்படி தெளிந்த பின்னரே முடிவுரைத்தல் தக்கது.