பழைய வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் வட எல்லையில், சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊராகும். கிழக்கே பழவேற்காடு ஏரியின் உவர்நீர். தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இப்பகுதியில் சொந்த வீடு தேடும் அங்கத்தினர், புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய வீட்டை வாங்குவது சிக்கனம் என்று கருதுவது இயல்பே. ஆனால் பல்லாண்டுச் சேமிப்பும் வாங்கிய கடனும் ஒருங்கே அதில் அடங்குவதால், விலை பேசுமுன் வீட்டின் நிலையை அறிந்துகொள்ளுதல் அவசியம். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கண்டு மயங்குதல் கூடாது.

நீரும் உப்பும்

கட்டிடத்திற்கு முதற் பகை நீர்; கடலோரத்தில் அதற்குத் துணை உப்பு. நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, சுவர்ப் பரப்பில் உலரும்போது, அதில் கரைந்துள்ள உப்பு படிகமாகிப் பூச்சை உடைத்து உதிர்க்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவர் பொரிந்தோ, வெண்மையாக உப்புப் பூத்தோ இருந்தால் காரணம் இதுவே. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலேறும். ஆதலால் அடிச்சுவரில் மட்டும் புதுப்பூச்சு இருப்பின், காரணத்தைக் கேட்டறிக.

வீட்டைக் கோடையில் மட்டும் பார்த்தல் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று பார்ப்பது உசிதம். இயலாவிடில், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அண்டை வீட்டாரை விசாரிக்கலாம். குழித்தறி போட எண்ணும் நெசவாளருக்கு இது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும். நிலத்தடி நீர் உயரும் மாதங்களில் தறிக்குழியில் நீர் ஊறினால், தறி ஓடாது, பாவும் பாழாகும். கிணற்று நீரை வாயிலிட்டு உவர்ப்பு உண்டா என்றும் பார்த்துவிடுக.

கூரையும் மரமும்

தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் அமைத்த மெட்ராஸ் டெரஸ் தளம் நெடுநாள் உழைக்கும். எனினும், உத்திரத்தின் முனை சுவருக்குள் புதையும் இடம் முதலில் இற்றுப்போகும். அங்கே கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். எளிதில் இறங்கினால் மரம் கெட்டது. சுவரில் மண் கோடுகள் ஓடினால் கறையான் உண்டு.

கான்கிரீட் தளமாயின், அடிப்புறத்தில் செந்நிறக் கறையும் நீளவாட்டு வெடிப்பும் உளவா என்று காண்க. உப்பால் துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கோலால் தட்டினால் பெயர்ந்த இடம் பொள்ளல் ஓசை தரும்.

வெடிப்புகள்

பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடும் வெடிப்பு அஞ்சத்தக்கதன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப்போல் செங்கல் வரிசைகளில் இறங்கும் வெடிப்பு அடித்தளம் அமிழ்வதைக் காட்டலாம். உரியவர் இசைந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றின் இரு முனைகளையும் சாந்தில் பதித்து, தேதி குறித்து வைக்கலாம். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால், சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

விலையை முடிவு செய்தல்

விற்பவர் அழைத்து வரும் ஆளை நம்பாமல், தமக்குத் தெரிந்த கொத்தர் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுக. ஓடு மாற்றுதல், கதவு பழுதுபார்த்தல், மின்கம்பி புதுப்பித்தல் ஆகியவற்றைச் செலவாகக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்கலாம். அமிழும் அடித்தளமும், வெள்ளம் நிற்கும் தாழ்நிலமும் அத்தகையன அல்ல. எவ்வளவு மலிவாயினும் அவற்றை விலக்குதலே நன்று.

வீடு உறுதியெனத் தெரிந்த பின்னரும், வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பார்வையிடச் செலவாகும் சில நாள் கூலி, பின்னால் வரக்கூடிய பெருநஷ்டத்தின் முன் மிகச் சிறிது.