எழுத்தாளரே இயக்குநராகும்போது: ஜெயகாந்தனின் திரைப்பணியும் தமிழின் இரட்டை வழக்கும்

1. முன்னுரை

எழுத்தாளர் ஒருவர் தம் புதினத்தைத் தாமே திரைப்படமாக்கும்போது அப்புதினத்தின் மொழி என்னவாகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நாவலுக்கும் படத்துக்கும் இடையே கதை எவ்வாறு மாறுகிறது என்பது அடிக்கடி பேசப்படுகிறது. மொழி எவ்வாறு மாறுகிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் தமிழில் இவ்வினா கூடுதல் கவனம் பெற வேண்டியது.

இதற்கு ஜெயகாந்தன் (1934–2015) தக்க சான்றாவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னைக்கு வந்து பொதுவுடைமைக் கட்சியினரிடையே வளர்ந்தவர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராகப் பணிபுரிந்தவர். 1960களின் நடுவில் 'உன்னைப் போல் ஒருவன்' (1965), 'யாருக்காக அழுதான்' (1966) ஆகிய இரு படங்களைத் தம் கதைகளைக் கொண்டே இயக்கினார். பிறர் ஒரு நாவலைப் படமாக்கினால், அதில் நேரும் இழப்புக்கு அவர்தம் புரிதலைக் காரணம் காட்டலாம். ஆசிரியரே இயக்குநராகும்போது அதற்கு வழியில்லை. அப்போதும் ஏதேனும் இழக்கப்படுமாயின், அது மொழியின் அமைப்பிலிருந்தும் ஊடகத்தின் இயல்பிலிருந்தும் வருவதாகும்.

2. கதைசொல்லியின் மொழி

1959இல் சார்லஸ் பெர்குசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தை மொழியியலில் நிலைநாட்டினார். தமிழ் மரபு வழக்கு, செய்யுள் என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியக் காலத்திலிருந்தே அறியும். இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை இப்பாகுபாட்டை ஒரே பக்கத்துக்குள் கொண்டுவந்தது. பெரும்பாலான தமிழ்ப் புதினங்களில் கதைசொல்லி எழுத்து வழக்கில் பேசுகிறார். பாத்திரங்கள் பேச்சு வழக்கில் பேசுகின்றனர். வாசகர் ஒவ்வொரு பத்தியிலும் இவ்விரண்டுக்கும் இடையே சென்று மீள்கிறார்.

வங்காளத்தில் நிலை வேறு. 1914இல் பிரமத சௌதுரி தொடங்கிய 'சபுஜ் பத்ர' இதழைத் தொடர்ந்து, பேச்சை ஒட்டிய சலித பாஷை உரைநடையில் வேரூன்றியது. சத்யஜித் ராய் தாம் எழுதிய பெலுடா கதையான 'சோனார் கெல்லா'வை 1974இல் படமாக்கியபோது, கதைசொல்லியின் மொழியும் பாத்திரங்களின் மொழியும் ஒன்றுக்கொன்று அண்மையிலேயே இருந்தன. தமிழ் எழுத்தாளருக்கு அந்த வாய்ப்பில்லை. திரையில் கதைசொல்லி நீங்கும்போது அவரோடு ஒரு மொழிவகையே நீங்கிவிடுகிறது.

3. 'உன்னைப் போல் ஒருவன்'

சென்னையின் சேரி ஒன்றில் நிகழும் கதை இது. கட்டட வேலை செய்யும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவர்கள் வாழ்வில் நுழையும் கிளி ஜோசியன் மாணிக்கம் ஆகிய மூவரைச் சுற்றி அமைந்தது. தாயின் புதிய உறவை ஏற்காத சிறுவன், அவள் பிரசவத்தில் இறந்தபின் அக்குழந்தையை ஏற்கிறான்.

நாவலில் இம்மூவரும் சென்னைப் பேச்சில் உரையாடுகின்றனர். அவர்களைப் பற்றிக் கூறும் கதைசொல்லியோ கற்றோர் மொழியில் பேசுகிறார். சேரியை அறியாத வாசகருக்கும் சேரி மக்களுக்கும் நடுவே நின்று, ஒருவர் செயலுக்கான நியாயத்தை மற்றவருக்கு விளக்குபவர் அவரே. ஒருவகையில் அவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்னும் பெயரில் ஜெயகாந்தன் இதைப் படமாக்கியபோது அவ்விளக்கத்தின் பெரும்பகுதியைக் காட்சியிடமும் நடிகரிடமும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தங்கமாக நடித்தவர் காந்திமதி. இசை வீணைக் கலைஞர் சிட்டிபாபுவுடையது. படம் தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான நற்சான்று பெற்றது. அவ்வாண்டின் முதற்பரிசு ராயின் 'சாருலதா'வுக்குச் சென்றது.

அன்றைய திரைத்தமிழின் பின்னணியில் இம்முயற்சியைக் காண வேண்டும். 'கண்ணகி' (1942) படத்துக்கு உரையாடல் எழுதிய இளங்கோவன் முதல் 'பராசக்தி' (1952), 'மனோகரா' (1954) படங்களுக்கு எழுதிய மு. கருணாநிதி வரை, திரை உரையாடலில் எழுத்து வழக்கு ஓங்கி நின்றது. 'கல்யாணப் பரிசு' (1959) போன்ற படங்கள் நடுத்தரக் குடும்பப் பேச்சைக் கொணர்ந்தன. சேரிப் பேச்சு பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் துயரத்துக்கும் தன்மானத்துக்கும் உரிய மொழியாக ஒரு முழுப்படத்தில் அமைத்தது ஜெயகாந்தனின் பங்களிப்பு எனலாம்.

4. அச்சு காட்டாததை ஒலி காட்டுதல்

திரை கதைசொல்லியை நீக்குகிறது. எனினும் அச்சு மறைத்தவற்றை மீட்டுத் தருகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் காண்போம். இவை கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

முதலாவது, 'வந்தா' என்னும் வடிவம். பேச்சுத் தமிழை அச்சிடும்போது இது வந்தாள், வந்தால் ஆகிய இரண்டுக்கும் நிற்கும். சிலர் எழுத்தில் வந்தான் என்பதற்கும் நிற்கும். பேச்சில் 'வந்தான்' என்பதன் ஈற்றுயிர் மூக்கொலியாகிறது. 'வந்தாள்' என்பதில் அவ்வாறு ஆவதில்லை. தமிழ் எழுத்தில் மூக்கின உயிருக்குக் குறி இல்லாமையால், எழுத்தாளர் ஈற்று மெய்யை மீண்டும் எழுதி எழுத்து வழக்கை நோக்கி நகர்கிறார். அல்லது பொருள் மயக்கத்தை ஏற்கிறார். காதுக்கு இம்மயக்கம் இல்லை. 'பேஜார்' என்பதில் முதலொலி அதிர்வொலி என்பதையும் பகரம் காட்டாது. நடிகரின் நா காட்டும்.

இரண்டாவது, 'கொண்டு' என்னும் துணைவினையின் இடம். 'வந்துகொண்டு இருக்கிறான்' என எழுதுவதைச் சென்னைப் பேச்சு 'வந்துகினு' என்றும், தென்மாவட்டப் பேச்சு 'வந்துகிட்டு' என்றும், பிராமணர் பேச்சு 'வந்துண்டு' என்றும் சொல்லும். செயல் தொடர்வதைக் குறிக்கும் இலக்கணப் பொருள் மூன்றிலும் ஒன்றே. ஆனால் பேசுபவர் எவ்வூரினர், எச்சமூகத்தினர் என்பதைக் கேட்பவர் அந்த ஓர் அசையிலேயே அறிந்துகொள்கிறார். கதைசொல்லி ஒரு பத்தியில் கூறும் அறிமுகத்தை இவ்வசை சுமக்கிறது.

5. மௌனமும் தன்மைக் கூற்றும்

'யாருக்காக அழுதான்' மற்றொரு வழியைக் காட்டுகிறது. விடுதி வேலையாளான ஜோசப்பின் மீது திருட்டுப்பழி விழுகிறது. தன் பக்கத்தை எடுத்துரைக்கத் தெரியாதவன் அவன். நாவலில் அவன் பேசாத இடங்களைக் கதைசொல்லி நிரப்ப முடியும். படத்தில் அப்பணி நாகேஷின் முகத்துக்கு வருகிறது. சொல்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகரை, வாதாடத் தெரியாத ஒருவனின் பாத்திரத்தில் நடிக்கச் செய்தது மொழிநோக்கிலும் கருதத்தக்கது.

மூன்றாவது வழி 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையின் தொடர்ச்சியாக எழுந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலில் கங்காவே தன் கதையைச் சொல்கிறாள். அதுவும் பிராமணர் பேச்சு வழக்கில். கதைசொல்லியின் மொழி இங்கு நாவலிலேயே பேச்சாகிவிட்டது. ஆகவே 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில், ஜெயகாந்தனின் திரைக்கதை உரையாடலுடன் அது படமானபோது, கடக்க வேண்டிய இடைவெளி சிறிதாயிற்று. இரு படங்களை இயக்கிய அனுபவம் இந்த நடையைத் தூண்டியது என்று உறுதிபடக் கூற இயலாது. எனினும் எழுத்தும் திரையும் ஒன்றையொன்று நெருங்கிய ஒரு புள்ளியாக இதனைக் கொள்ளலாம்.

6. சயானிலிருந்து நோக்கும்போது

இவ்வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று. இக்கட்டுரையாளர் வாழும் மும்பை சயானிலிருந்து சாலையைக் கடந்தால் தாராவி. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து பெருமளவில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் 'வந்துகிட்டு' ஒலிக்கிறது. அறை 'கோலி' ஆகிறது, தெருமுனை 'நாக்கா' ஆகிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர் தமிழ் படிப்பர். இந்தி, மராத்தி, ஆங்கில வழியில் பயின்றவருள் பலர் தமிழை நன்கு பேசுவர், படிக்க மாட்டார். இவர்களுக்கு ஜெயகாந்தனின் நாவல் மூடிய நூல். படமாயின் திறந்த நூல். மாட்டுங்கா அரோரா திரையரங்கு பல ஆண்டுகள் தமிழ்ப் படங்களைத் திரையிட்டு இத்தகையோருக்கும் இடமளித்தது.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. சேரி மக்களைப் பற்றி எழுதப்பட்ட நாவலை அம்மக்களுள் பலர் படிக்க இயலாது. படம் அவர்களை எட்டும். ஆனால் அவர்களுக்காகக் கற்றோரிடம் வாதாடிய கதைசொல்லி அதில் இல்லை.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குதான் கூடுகிறது. நாவலை மொழிபெயர்ப்பவருக்கு இரு வழக்குகளும் கிடைக்கின்றன. ஒன்றை மற்றதனோடு ஒப்பிட்டு வேறுபாட்டை உணர்த்தலாம். படத்துக்கு சப்டைட்டில் எழுதுபவருக்குப் பேச்சு மட்டுமே கிடைக்கிறது. இடமோ இரண்டு வரி. 'வந்துகினு', 'வந்துகிட்டு', 'வந்துண்டு' ஆகிய மூன்றும் ஒரே பொதுவடிவமாகச் சுருங்குகின்றன. தங்கமும் கங்காவும் பிறமொழியில் ஒரே குரலில் பேசத் தொடங்குகின்றனர். இதற்கு மாற்றாக, சேரிப் பேச்சைக் கொச்சையான பிழைமொழியாகப் பெயர்ப்பதும் தவறே. 'வந்துகினு' பிழையன்று, தனக்கெனச் சீரான இலக்கணம் உடையது. விளி, உறவுச்சொல், வாக்கிய நீளம், மரியாதை விகுதியின் உண்மை இன்மை ஆகியவற்றின் வழியே வேறுபாட்டை உணர்த்துவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

7. முடிவுரை

எழுத்தாளர் இயக்குநராகும்போது தமிழில் மூன்று நிகழ்கின்றன. எழுத்து வழக்கும் அதைப் பேசிய கதைசொல்லியும் பின்வாங்குகின்றனர். அச்சில் அடங்காத ஒலியும் வட்டாரமும் முன்வருகின்றன. மொழிபெயர்ப்பில் இவ்வாறு பெற்றதும் இழக்கப்படக்கூடும். கைப்பேசியிலேயே படமெடுக்கும் இன்றைய எழுத்தாளரும் இம்மூன்றையும் எதிர்கொள்வர்.

இறுதியாக ஒன்று. 'உன்னைப் போல் ஒருவன்' என்னும் தலைப்பைச் சிட்டி சொல்லியிருந்தால் 'போல்' என்பது 'மாதிரி' என்றும், 'ஒருவன்' என்பது 'ஒருத்தன்' என்றும் ஆகியிருக்கும். தலைப்பு கதைசொல்லியின் மொழியில் உள்ளது. 'உன்னை' என அது விளிப்பது படிக்கத் தெரிந்த வாசகரை. படத்திலும் அத்தலைப்பு மாறவில்லை. ஆனால் அரங்கில் அதைக் கேட்டறிந்து அமர்ந்தவருள் படிக்கத் தெரியாதவரும் இருந்திருப்பர். 'உன்னை' என்னும் சொல் அவர்களையும் உள்ளடக்கிக்கொண்டது. நாவலுக்கு இயலாத அப்பொருள் விரிவே ஜெயகாந்தனின் திரைப்பணி தமிழுக்கு அளித்தது எனலாம்.