நெஞ்சுப் படபடப்பும் ஆயுர்வேதமும்

மழை பொய்த்துக் கிணறு வற்றி, கடன் தவணையும் நெருங்கும் நாட்களில், "படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கிறது, ஐயா, உறக்கமே இல்லை" என்று குடியானவர்கள் முறையிடுவதை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஊராட்சிக் கூட்டம் முடிந்தபின் உறுப்பினர்கள் சிலரும் தனியே அழைத்து இதனையே கூறுவதுண்டு. இதற்கு ஆயுர்வேதம் என்ன வழி சொல்கிறது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கவலை மிகுங்கால் உடலில் அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகி இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. ஆயுர்வேதம் இதனைத் தன் முறையில் வாதத்தின் சீற்றம் என்று கூறும். இதயத்தில் தங்கி உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் வியான வாதம், வேளை தவறிய உணவாலும், இரவு விழிப்பாலும், அச்சத்தாலும், துயரத்தாலும் நிலை குலையும் என்பது அதன் கொள்கை. ஆதலின் மருந்துக்கு முன்னர் காரணத்தை விலக்குவதே சிகிச்சையின் முதற்படி. இதற்கு நிதான பரிவர்ஜனம் என்று பெயர். சுசுருதரின் கருத்தும் இதுவே. நம் மக்களோ இந்த முதற்படியைத் தாண்டி நேரே நாட்டு மருந்துக் கடைக்குச் சென்றுவிடுகின்றனர்.

நம் வட்டாரத்தில் ஒரு விவசாயி மருதம்பட்டைக் கஷாயத்தை ஒரு மண்டலம் அருந்தியும் குணம் காணவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்ததில் குறை ஏதும் இல்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மும்முனை மின்சாரம் இரவில் வருவதால் மோட்டாரைக் காத்து விழித்திருக்கிறார், விழித்திருக்க ஏழெட்டுத் தடவை தேநீர், இடையிடையே பீடி. இவற்றோடு வெளியாரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. இத்தனையையும் வைத்துக்கொண்டு பட்டையைக் குறை கூறி என்ன பயன்?

மற்றொரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. ஓர் ஊராட்சி உறுப்பினர் அம்மையாருக்கு எட்டு மாதமாகப் படபடப்பு. மகள் திருமணக் கவலை என்று வீட்டார் அனைவரும் முடிவு செய்துவிட்டனர். இரத்தத்தைச் சோதித்ததில் கடுமையான சோகை என்று தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரையால் இரண்டே மாதத்தில் தேறினார். தைராய்டுச் சுரப்பு மிகுதியும், இதயத் தாளக் கோளாறும் இவ்வாறே கவலையின் வேடத்தில் வரக்கூடும். எனவே முதலில் பரிசோதனை, பின்னரே கஷாயம்.

நாடியை வீட்டிலேயே எண்ணலாம். அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டில் பெருவிரலின் பக்கமாக மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுக. வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஓய்விலும் 100க்கு மேல் நீடித்தாலோ, தாளம் தவறினாலோ மருத்துவரைக் காண வேண்டும். மார்வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதியாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

கவலையே காரணம் என்று உறுதிப்பட்டவர்கள் வேளைக்கு உண்பதும், நண்பகலுக்குப் பின் காப்பி, தேநீரை நிறுத்துவதும், புகையிலையையும் மதுவையும் விடுவதும் முதல் மருந்து. உறங்குமுன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்தல், பத்து நிமிடம் மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதல் ஆகியவற்றால் செலவில்லை, தீங்குமில்லை.

மருந்துகளில் பேர்பெற்றது நீர்மருது. 11ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணிதத்தர் இதன் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். பட்டைத் தூள் 5 கிராம், பால் 40 மில்லி, நீர் 160 மில்லி சேர்த்து, நீர் சுண்டிப் பால் மட்டும் எஞ்சும்வரை காய்ச்சி வடிகட்டுவது முறை. இரத்த அழுத்த மாத்திரையோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்தோ உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. அமுக்கரா மனக்கலக்கத்தைத் தணித்து உறக்கம் தரும் என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு ஆதாரம் உண்டு. எனினும் தைராய்டுச் சுரப்பு மிகுந்தவருக்கு அதுவே படபடப்பைக் கூட்டும்; கருவுற்ற பெண்டிருக்கும் ஆகாது; அரிதாகக் கல்லீரலைத் தாக்கியதும் உண்டு. ஊர் ஊராக வருவோர் விற்கும் பெயரறியாப் பொடிகளையும் செந்தூரங்களையும் வாங்கற்க. நம் மாநிலத்துச் சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் சித்த மருத்துவர்களே உள்ளனர். அவர்களும் மருதம்பட்டையை நன்கு அறிவர். ஆயுர்வேதத்திற்கு நாகர்கோவில் கோட்டாறில் அரசுக் கல்லூரி இருக்கிறது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்கால் கரை மருத மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். சில கரைகளில் இதனைக் கண்டு வருந்தினோம். கண்காணிப்பதோடு, ஊராட்சி நாற்றங்காலில் மருதங்கன்றுகளும் வளர்க்கலாம்.

கடனால் உறங்காதவருக்கு உதவுவதும் உங்கள் கடமையே. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை என்பதையும், வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்ற வழியுண்டு என்பதையும் பலர் அறியார். மேற்கூறிய விவசாயியைச் சங்கச் செயலாளரிடம் அழைத்துச் சென்றவர் அவ்வூர் உறுப்பினர்தாம். அவருடைய கடன் மாற்றப்பட்டது. மோட்டார்க் காவலை அண்ணன் தம்பியர் முறை வைத்துப் பகிர்ந்து கொண்டனர். தேநீர் இரண்டாகக் குறைந்தது. பட்டைப் பாலை மட்டும் அவர் விடவில்லை. நாமும் தடுக்கவில்லை, மருத்துவரிடம் சொல்லிவிட்டு அருந்துமாறு கேட்டுக்கொண்டோம்.