பிக்கப் வண்டியின் ஏ.சி. வடிகுழாய் நீட்டிப்பு

ஏ.சி. வடிகுழாய் என்பது வாகனக் குளிர்சாதனத்தின் ஆவியாக்கியில் சேரும் நீரைக் கீழே வெளியேற்றும் ரப்பர் குழாய் ஆகும். சில பிக்கப் வண்டிகளில் இது குட்டையாக இருப்பதால், நீர் தரையில் விழாமல் சேசிஸ் மீது சொட்டும். அதைத் தவிர்க்கக் குழாய் நீட்டப்படுகிறது.

நீர் சேரும் விதம்

காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த ஆவியாக்கியில் பட்டு நீர்த்துளிகளாகிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் சுமார் 9 கிராம் மட்டுமே தாங்கும். ஆகவே கடலூர், திருவந்திபுரம், சிதம்பரம் போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் நீர் அதிகம் வடியும். இந்நீரில் உப்பு இல்லை. எனினும் கடற்காற்றின் உப்பு படிந்த இரும்பை இது ஓயாமல் நனைப்பதால் துரு விரைவாகப் பிடிக்கிறது.

நீட்டும் முறை

இந்திய வண்டிகளில் வடிமுனை பெரும்பாலும் இடப்புறம், என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் இருக்கும். என்ஜின் ஆறிய பின், பழைய குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாத ரப்பர் குழாயைப் பொருத்திக் கிளிப்பால் இறுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* குழாய் முழுவதும் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். தொய்வு இருந்தால் அங்கே நீரும் தூசியும் தங்கி அடைத்துக்கொள்ளும்.
* சைலன்சர் குழாயிலும் சுழலும் தண்டிலும் படாமல் கட்ட வேண்டும்.
* கிளிப்பை அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கும்.

சோதனை

ஏ.சி.யை 20 நிமிடம் ஓடவிட்டால் குழாயின் நுனியில் நீர் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளிலும் சொட்டாவிட்டால் அடைப்பு இருக்கலாம்; அப்போது நீர் கேபினுக்குள் திரும்பி, கால்மிதியை நனைத்து, தரைத்தகட்டையும் துருப்பிடிக்கச் செய்யும்.